கட்டிலுக்கடியில் இரண்டு கழனி

போன வாரம் ஒரு ராஜ்யத்தைப் பிடித்தேன். பிடித்தது என் மகனுடைய கம்ப்யூட்டரில்தான் என்றாலும் ராஜ்யம் ராஜ்யம்தானே.

மகன் சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறான். டூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் சோறு தின்கிறானோ இல்லையோ, அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஆட்டம் என்னவென்றால், ஒரு பெரிய நிலம் கிடக்கும். அதில் நமக்கு ஓர் ஊர், எதிராளிக்கு ஓர் ஊர். நம் முறை வரும்போது நாம் ஊர் கட்டலாம், பயிர் வைக்கலாம், சுரங்கம் வெட்டலாம், படை அனுப்பலாம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மூலையில் இருக்கிற வட்டப் பொத்தானை அமுக்கினால் நம் முறை முடிந்தது. அப்புறம் எதிராளியின் முறை. எதிராளி என்பது அந்த மெஷின்தான்.

நான் படித்தது மூன்றாவது வரைக்கும். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இந்த ஆட்டத்துக்கு எழுத்து தேவைப்படவில்லை. நெற்கதிர் படம் இருந்தால் சாப்பாடு, சுத்தியல் இருந்தால் வேலை, வாள் இருந்தால் வம்பு. இது புரிய எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. என் மகனுக்கு ஐ.டி.ஐ. படிக்கிற காலத்தில் ஒரு மாதம் ஆயிற்றாம். அவனே சொன்னான்.

அவன் படிக்கிற காலத்திலேயே வந்த பழைய ஆட்டம் அது. அதற்கப்புறம் எத்தனையோ வந்துவிட்டன. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டங்களையும் எனக்குக் காட்டினான். கண்ணைச் சிமிட்டினால் செத்தோம், தும்மினால் செத்தோம். அது எதற்கு நமக்கு? இது அப்படியில்லை. நடுவில் எழுந்து போய்ப் புளியைக் கரைத்து வைத்துவிட்டு, கொடியில் காய்கிற துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், என் படையெல்லாம் நான் விட்ட இடத்திலேயே காலைத் தூக்கினபடி நிற்கும். எதிராளி எத்தனை பெரிய ராஜாவாக இருந்தாலும் நான் பொத்தானை அமுக்குகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பான். பஸ் எனக்காக நிற்பதில்லை, பால் வண்டி நிற்பதில்லை. எழுபது வயது தாண்டியவளுக்காக இப்படி மரியாதையாகக் காத்துக்கொண்டிருப்பது வேறு எது?

போன வாரம் மகன் தோற்கிற நிலைமையில் இருந்தான். "இனிமே ஒண்ணும் ஆவாதும்மா" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டான். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லையில் இருந்த இரண்டு ஊர்களிலிருந்து படையை வெளியே எடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவன் அலறினான்.

"யம்மா! ரெண்டு ஊர வுட்டுட்டியேம்மா!"

"வுட்டா வுட்டதுதான். குந்து, பாரு."

எதிராளி ஆசையாகத் தன் படையெல்லாம் கிளப்பிக்கொண்டு அந்த இரண்டு ஊருக்குள் வந்து புகுந்தான். அவனுடைய தலைநகரம் காலியாகக் கிடந்தது. என் படையோடு நான் போய் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

சமையற்கட்டிலிருந்து மருமகள் குரல் வந்தது. "அத்த, பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான போனன்? சோறு கொழஞ்சி போச்சி."

"கஞ்சியா குடிங்க. ராஜ்யம் வந்துடுச்சி."

மகன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "எங்கம்மா கத்துகின இத?" என்று கேட்டான். கஞ்சி ஆறிப்போகுமே என்று அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். இன்று எங்கள் சுரங்க நகரியத்தின் ரோடுகளுக்கு மேலே கூரை போட்டது மாதிரி நிற்கிற மரங்களெல்லாம் அன்று என் உயரம்தான். எங்கள் ஊர் நிலமெல்லாம் சுரங்கத்துக்குப் போய், அதற்கு ஈடாக அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை வந்து, நாங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்திருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. நிலம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. வேலை வந்தது ஒன்று. அது மூத்தவருக்குப் போயிற்று. அப்பா பர்மனென்ட் ஆனார். சித்தப்பா கான்ட்ராக்டில் இராத்திரி வேலைக்குப் போனார்.

வேலையைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை சண்டை போட்டு நான் கேட்டதில்லை. சண்டையெல்லாம் சைக்கிளுக்குத்தான். அது தாத்தாவுடைய சைக்கிள். நிலமும் வீடும் கிணறும் போன பிறகு ஊரிலிருந்து எங்களோடு வந்த பொதுச் சொத்து அது ஒன்றுதான். தாத்தா தனக்குத்தான் கொடுத்தார் என்று சித்தப்பா சொன்னார். மூத்த பிள்ளைக்குத்தான் சேரும் என்று அப்பா சொன்னார். சொல்லிச் சொல்லி ஒரு நாள் பேச்சு நின்றுபோயிற்று. சைக்கிளைச் சித்தப்பா ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அப்பா வேலைக்கு நடந்தே போனார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து கையை நீட்டி மணியை மட்டும் ஒரு தரம் தட்டிவிட்டு ஓடுவேன்.

எனக்கு அந்தச் சைக்கிள் வேண்டும். வேறு எதையும் நான் அந்த வயதில் அப்படி ஆசைப்பட்டதில்லை. எங்கள் பிளாக்கில் பெண் பிள்ளைகள் யாரும் சைக்கிள் ஓட்டவில்லை. ரோடோ கண்ணுக்கெட்டிய தூரம் நேராகக் கிடந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், கூடத்தில் இருந்த பெரிய கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்திருந்தது. கோலத்துக்கு வைக்கிற மாதிரிதான். இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரே ஒரு கோடு போட்டிருந்தது. சித்தப்பாவின் வேலை. அப்பா டூட்டி முடிந்து வந்து, குனிந்து பார்த்து, அவரும் ஒரு கோடு போட்டார்.

வரப்பு ஆட்டம் என்பார்கள். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் களத்து மண்ணில் குச்சியால் கீறி ஆடியதாம். ஒரு முறைக்கு ஒரு கோடு. கோடுதான் வரப்பு. நாலு பக்கமும் வரப்பு சேர்ந்தால் அது ஒரு கழனி. நாலாவது வரப்பைப் போடுகிறவனுக்குத்தான் கழனி சொந்தம். அப்பா தன் கழனியில் புளியங்கொட்டை வைப்பார், சித்தப்பா கூழாங்கல் வைப்பார். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கழனியை அடைத்தவன் அதோடு விட முடியாது, இன்னொரு கோடும் போட்டே ஆக வேண்டும்.

கோடு போட ஆரம்பித்தார்களே தவிர, பேசவில்லை. பந்தயம் வைத்ததுகூட அம்மா வழியாகத்தான்.

"அண்ணி, இதுல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு சைக்கிளு. உங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிடுங்க."

அம்மாவின் வீட்டுக்காரர் அதே கட்டிலின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். "சரின்னு சொல்லு" என்றார்.

"சரியாம் தம்பி" என்றாள் அம்மா. பிறகு தன் பங்குக்கு ஒரு சட்டமும் போட்டாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறைதான். அதையும் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டில் வம்பு வழக்கு கிடையாது. அதற்குள் கோடு போடாதவன் தோற்றவன்.

அப்படித்தான் அந்த ஆட்டம் நடந்தது. அப்பாவுக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் முழித்திருக்கும்போது ஒருவர் தூங்குவார். யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது. அம்மா தினமும் கட்டிலுக்கடியில் கையை விட்டுப் புள்ளிகள் அழியாமல் சுற்றித் துடைத்துவிடுவாள். நான் வெயில் நேரமெல்லாம் அங்கேதான் குப்புறப் படுத்துக் கிடப்பேன். சிமெண்டுத் தரை வயிற்றுக்குச் சில்லென்று இருக்கும். எதிரே போடப்படாத கோடுகள். எங்கே போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தால் பசிகூடத் தெரியாது. நாளைக்கு என்ன கோடு வரும் என்பதற்காகவே விடியும் போலிருக்கும். என் மகன் இன்று விடிய விடியக் கண் விழித்து "இதோ ஒரு முறை, இதோ ஒரு முறை" என்று சொல்கிறானே, அந்தக் கிறுக்கு எனக்கு அன்றே பிடித்துவிட்டது.

பின்கட்டு மணலில் நானே புள்ளி வைத்து, வலது கைக்கும் இடது கைக்கும் ஆட்டம் விடுவேன். வலது கைக்கு ஆசை அதிகம். கிடைத்த கழனியெல்லாம் அடைத்துவிடும். கடைசியில் பார்த்தால் இடது கைதான் ஜெயித்திருக்கும். இது ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஒரு நாள் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிகிற நாள் வந்தது. காலையில் அப்பா முதல் ஷிப்டுக்குப் போகும்போது தரையில் இரண்டே இரண்டு இடம்தான் பாக்கி. ஒரு பக்கம் ஐந்து கழனி ஒன்றோடொன்று சேர்ந்து வரிசையாக, இன்னொரு பக்கம் எட்டுக் கழனி. எங்கே கோடு போட்டாலும் அந்த வரிசை எதிராளிக்குத் திறந்துவிடும். முறை சித்தப்பாவுடையது. மத்தியானம் தூங்கி எழுந்து வந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, சின்னதான ஐந்தின் வாயில் ஒரு கோடு போட்டார். கணக்கில் அவர் அப்பாவை விட ஒரே ஒரு கழனி முன்னால் இருந்தார். அப்படியும் முகம் செத்துப்போயிருந்தது. பிறகு வெளியே போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். கம்பி கம்பியாகத் துடைத்தார். வேறு வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குத் தலை வாருகிற மாதிரி இருந்தது.

முதல் ஷிப்டு முடிந்து பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் வந்தார். அப்பாவைக் காணோம்.

"உங்க அண்ணனுக்கு டபுள் டூட்டிப்பா" என்று சித்தப்பாவிடம் சொன்னார். "அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வரலயாம். வர்றதுக்குப் பத்து மணி ஆவும்னு சொல்லச் சொன்னாரு."

சித்தப்பா துணியைக் கீழே போட்டார். நேராகச் சமையற்கட்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணி, வெளக்கு வைக்கிறதுக்குள்ள கோடு போடலன்னா ஆட்டம் போச்சு. நீங்க சொன்னதுதான?"

"நான் சொன்னதுதான் தம்பி."

"அப்ப சைக்கிளு என்து."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "கோடு போடணும்னு சொன்னன். உங்க அண்ணன் கையாலதான் போடணும்னா சொன்னன்? வூட்டுல இருக்கறவங்க போடலாம்."

"யாரு, நீங்களா?"

"எனக்கு வேல கெடக்குது. பாப்பா போடும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே பூத்துவிட்டது. "போடட்டும், போடட்டும். பாப்பா போடறதுக்கு நான் வாணாம்னா சொல்லப்போறன்?"

விளக்கு வைக்கிற நேரம் நெருங்கியதும் நான் கட்டிலுக்கடியில் ஊர்ந்து போனேன். சித்தப்பாவும் மறுபக்கத்திலிருந்து தலையை நீட்டிப் படுத்துக்கொண்டார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் திரியைத் திருகி வைத்துவிட்டு, தீப்பெட்டியும் கையுமாக நின்றாள்.

"பாத்தியா பாப்பா" என்று குழைந்தார் சித்தப்பா. "அஞ்சி கழனி. ராணிக்கு வெச்ச மாதிரி கெடக்குது. ஒண்ணு வுடாத. எல்லாம் உனக்குத்தான். அள்ளிக்கோ."

நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஐந்தையும் அள்ளினால் இன்னொரு கோடு போட வேண்டும். அதைப் போட இடம் அந்த எட்டுதான். எட்டும் சித்தப்பாவுக்குத் திறந்துவிடும்.

"சீக்கிரம் போடும்மா" என்றாள் அம்மா. "இருட்டிகினு வருது."

"இரும்மா" என்றேன்.

அம்மா நின்றாள். சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். விளக்குகூட எரியாமல் நின்றது. நான் கோடு போடுகிற வரைக்கும் அந்த வீட்டில் அடுத்தது எதுவும் நடக்க முடியாது. ஒரு பெண் பிள்ளை யோசித்து முடிக்கட்டும் என்று ஒரு வீடே காத்துக்கொண்டு நின்றதை நான் கண்டது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் கல்யாணம், பிள்ளைகள் என்று எத்தனையோ காலம் போயிற்று. மறுபடி அப்படி ஒன்று கிடைக்க, என் மகன் அந்தப் பெட்டியை வாங்கி வர வேண்டியிருந்தது.

மூன்று கழனியை அடைத்தேன். மூன்று புளியங்கொட்டை வைத்தேன். பாக்கி இரண்டு. நடு வரப்பைப் போட்டால் நாலாவதும் எனக்கு, அதற்கடுத்து ஐந்தாவதும் எனக்கு. நான் நடுவில் போடவில்லை. கடைசிக் கழனியின் தூரத்து ஓரத்தை அடைத்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தேன். இரண்டு கழனியும் நடு வரப்பு இல்லாமல் சித்தப்பாவுக்காகக் கிடந்தன.

"உங்க முறை சித்தப்பா."

சித்தப்பா என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஒரு முறை என்கிற சட்டத்தையும் மறந்து, கையை நீட்டி அந்த நடு வரப்பைப் போட்டு, இரண்டு கூழாங்கல்லை எடுத்து வைத்தார்.

"இன்னொரு கோடு" என்றேன் நான்.

போட இடம் ஏது? எட்டுதான். போட்டார். நான் ஒன்று, இரண்டு என்று அடைத்துக்கொண்டே போனேன். புளியங்கொட்டை தீர்ந்துபோய் அம்மாவிடம் கேட்டேன். அவள் புளிப்பானையிலிருந்து எடுத்து எறிந்தாள். எட்டாவதை வைத்ததும் சித்தப்பா மல்லாந்து படுத்துச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அரைஞாண் கயிற்றை அவிழ்த்துச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அது அவர் வயிற்றுச் சூட்டோடு இருந்தது. அம்மா தீக்குச்சியைக் கிழித்து விளக்கை ஏற்றினாள்.

விளக்கு ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் அப்பா வந்துவிட்டார். வாசலில் நின்று முதலில் ஜன்னல் பக்கம் சைக்கிளைப் பார்த்தார். அப்புறம் விளக்கைப் பார்த்தார். கையில் ஒரு போண்டாப் பொட்டலம். நான் சாவியை ஆட்டிக்கொண்டு குதித்தேன். அவர் ஒன்றும் புரியாமல் நிற்க, கட்டிலுக்கடியிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது.

"யண்ணா, அந்த ரெண்டு கழனி வித்தைய பாப்பாவுக்கு எப்ப கத்துக் குடுத்த? நம்ம காளி கோயில் களத்துல என்ன அழவச்சியே, அதேதான்!"

அப்பா பொட்டலத்தோடு கட்டில் பக்கம் குனிந்தார். "நான் எங்கடா கத்துக் குடுத்தன்?" என்றார்.

அம்மா திரும்பி அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

பிறகு இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் தலையை நீட்டிப் படுத்துக்கொண்டு போண்டாவைத் தின்றுகொண்டே, எங்கே போட்ட கோடு தப்பு, எங்கே போட்டிருக்க வேண்டும் என்று பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். ஜெயித்தவளை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. சாவி என்னிடம் இருந்தது. மறுநாள் சித்தப்பாவே சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, அந்த நேர் ரோட்டில் நான் சைக்கிள் ஓட்டினேன். வாசலில் நின்று பெண்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மணியைத் தட்டிக்கொண்டே போனேன். பகலில் அது என் சைக்கிள். இராத்திரியில் சித்தப்பா அதில்தான் வேலைக்குப் போனார், அப்பா கேட்டுக்கொண்டதால்.

ஆட்டம் முடிந்த அந்தச் சாயங்காலம் அப்பாவுக்குக் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றியவள் நான்தான். ஊற்றும்போது அவர் கேட்டார்.

"அந்த ரெண்ட ஏன் வுட்ட?"

"சின்னத வுட்டாத்தாம்பா பெருசு வரும்" என்றேன்.

அப்பா கூடத்தில் படுத்திருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா" என்றார்.

தினமும் சுரங்கத்திலிருந்து வந்து அவர் கை கழுவினால் தண்ணீர் பழுப்பாக ஓடும். அன்று தெளிவாக ஓடியது. சட்டை காய்ந்து, முகம் கழுவி, தலை வாரியிருந்தது. பத்து மணிக்கு வர வேண்டியவர் விளக்கு வைத்த கையோடு வந்திருந்தார். இதெல்லாம் என் கண்ணெதிரே இருந்ததுதான். பிற்பாடு எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் முதன்முதலாக டபுள் டூட்டி பார்த்துவிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்ற முடியாமல் வாசற்படியிலேயே தூங்கிப்போன அன்றைக்குத்தான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தேன். அப்பாவுக்கு அன்று ரிலீவர் வந்திருக்கிறார். வேலை முடிந்து குளித்துவிட்டு, எங்கள் பிளாக் முனையில் இருந்த டீக்கடை பெஞ்சில், விளக்கு வைக்கட்டும் என்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். வந்து ஒரு கோடு போட்டிருந்தால் சைக்கிள் அவருக்கு. அதனால்தான் வரவில்லை.

நான் குறுக்கே புகுந்து ஜெயித்துவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு துளி வருத்தம் கிடையாது. அவர் நினைத்தபடி தோற்றிருந்தால் சைக்கிள்தான் சித்தப்பாவுக்குப் போயிருக்கும், பேச்சு வந்திருக்காது. அன்றைக்கு எனக்கு அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா கொண்டுவந்த போண்டா சூடாக இருந்தது என்பது மட்டும்தான்.